சிமெண்ட் கலக்குமுன் கேளுங்கள்

1. முதல் சரிவு

ரத்த அழுத்தம் நூற்று முப்பதிலிருந்து அறுபதுக்கு இறங்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது, சர்ஜன் ஓர் உலோகத் தண்டைத் தொடை எலும்புக்குள் இறக்கிச் சுத்தியலால் நாலு தட்டு தட்டும் நேரம்தான் பிடித்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் நான் மயக்க மருந்து டாக்டர். சொந்த ஊர் நாசரேத். அப்பா, அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். மகள் டாக்டர் என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்குப் பெருமை. என்ன டாக்டர் என்று யாராவது கேட்டால் மட்டும் கொஞ்சம் தடுமாறுவார்கள். "ஆபரேஷனுக்கு முன்னால தூங்க வைக்குற டாக்டர்" என்பார் அம்மா. தூங்க வைக்க ஒரு டாக்டர் எதற்கு என்பது கேட்டவர் முகத்தில் தெரியும். அதே எண்ணம் ஆஸ்பத்திரிக்குள்ளும் பலருக்கு இருந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் எலும்பு சர்ஜன் டாக்டர் குருபாதம். மூன்று வருஷம் இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கெட்டிக்காரர், வேகமான கை, யார் பேச்சும் ஏறாத காது. இடுப்பில் எலும்பு உடைந்து வருகிற வயதானவர்களை அதுவரை ஆறு வாரம் காலில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வைப்போம். பாதிப் பேர் படுக்கைப்புண் வந்து, சளி கட்டிப் போய்விடுவார்கள். உடைந்த பந்து முனையை எடுத்துவிட்டு அங்கே உலோகப் பந்து பொருத்தி, மறுவாரமே நடக்க வைக்கும் ஆபரேஷனைக் கொண்டுவந்தவர் அவர்தான். அந்த நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

உலோகப் பந்தோடு ஒரு நீளமான தண்டு இருக்கும். அதைத் தொடை எலும்பின் உள்குழாயில் இறக்க வேண்டும். ஆடாமல் பிடித்துக்கொள்ள எலும்புச் சிமெண்ட். ஒரு பாக்கெட் பவுடர், ஒரு சின்னக் கண்ணாடி ஆம்ப்யூலில் திரவம். இரண்டையும் கிண்ணத்தில் கலக்கினால் முதலில் கஞ்சி மாதிரி இருக்கும், பிறகு சப்பாத்தி மாவு, கடைசியில் கல். இறுகும்போது சூடு கிளம்பும். திரவத்தின் நெடி ஆபரேஷன் தியேட்டர் முழுக்க ஏறி, கண்ணில் தண்ணீர் வரும்.

முதல் நோயாளி சந்தியாகு, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லாம் நன்றாகத்தான் போனது. டாக்டர் குருபாதம் சிமெண்ட்டைக் கட்டை விரலால் உள்ளே திணித்து, தண்டை இறக்கினார். என் விரலுக்குக் கீழே இருந்த நாடி மெலிந்து காணாமல் போனது. அழுத்தத்தை அளந்தால் அறுபது. மயக்க வாயுவை மூடி, ஆக்ஸிஜனைத் திறந்து, டிரிப்பை ஓடவிட்டு, அழுத்தம் ஏற்றும் ஊசியைப் போட்டேன். நாலைந்து நிமிஷத்தில் ஏறி வந்தது. எனக்கு முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

"என்ன டாக்டர், மருந்தைக் கொஞ்சம் கூடக் குடுத்துட்டீங்களோ?" என்றார் டாக்டர் குருபாதம், தையல் போட்டபடியே.

அவர் சொன்னதை நான் நம்பினேன். இரண்டு நாள் என் சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே கூடக் கொடுத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

2. அலமாரித் தாள்

இரண்டாவது நோயாளிக்கும் இறங்கியது. மூன்றாவது நோயாளிக்கும். மருந்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன், அப்போதும் இறங்கியது. சார்ட்டில் நேரத்தைக் குறித்து வைத்தபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் சிமெண்ட் உள்ளே போன கையோடு இறங்குகிறது.

"சார், சிமெண்ட் வைக்கிறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் தயாரா இருப்பேன்" என்றேன்.

"நான் கைவேலையப் பாப்பனா, உங்களுக்கு ரேடியோவுல நியூஸ் வாசிப்பனா? இந்த ஊர் சூட்டுல அது கல்லாப் போயிரும்."

அது உண்மைதான். குளிர்நாட்டுத் தியேட்டருக்குச் செய்த சரக்கு. எங்கள் தியேட்டர் ஏசி, உப்புக்காற்றில் துருப்பிடித்து, மாதத்தில் பாதி நாள் சத்தம் மட்டும் போடும். அங்கே நிதானமாக இறுகும் சிமெண்ட் எங்கள் ஊரில் அவசர அவசரமாக இறுகும். அதற்குப் பயந்து அவர் கஞ்சிப் பதத்திலேயே எடுத்துத் திணித்துவிடுவார்.

போதாததற்கு, அந்தப் பெயர். சிமெண்ட் என்று வாயைத் திறந்தால் வேறு பேச்சு நடக்காது. கப்பலில் வந்த பெட்டியைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்த க்ளியரிங் ஏஜெண்ட்டின் ஆள், "மூட்டையா வரும்னு லாரி கொண்டாந்தேன், இவ்வளவுதானா?" என்றார். நோயாளியின் மருமகன் ஒருவர் கட்டட மேஸ்திரி. "ஏழு நாளு தண்ணி ஊத்தணுமா டாக்டரம்மா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, மெய்யாகவே கேட்டார். அவருக்குப் பத்து நிமிஷம் விளக்கினேன். அவ்வளவும் கேட்டுவிட்டு, "மணலு எவ்வளவு சேப்பீங்க?" என்றார்.

தியேட்டர் சிஸ்டர் பிலோமினா கடற்கரைத் தெருக்காரர். ஊசி முனையளவு தூசி இருந்தாலும் சத்தம் போடுவார். ஒருநாள் கத்தரிக்கோல் தேடி அவருடைய கருவி அலமாரியைத் திறந்தேன். இழுப்பறைகளில் எல்லாம் வழவழப்பான வெள்ளைத் தாள் விரித்திருந்தது. பொடி எழுத்தில் ஆங்கிலம்.

"இது என்ன சிஸ்டர்?"

"அந்தச் சிமெண்டு டப்பாக்குள்ள வருமே டாக்டரம்மா. வழவழன்னு நல்லா இருந்துச்சு, தூரப் போட மனசு வரல."

கத்திரிகளை ஒதுக்கிவிட்டு, நின்றபடியே படித்தேன். சிமெண்ட் வைக்கும்போது ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கலாம், சிலருக்கு இதயம் நின்றிருக்கிறது, மயக்க மருந்து கொடுப்பவர் விழிப்பாக இருக்க வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. மூன்று நோயாளிகள், மூன்று தாள்கள். சர்ஜன் படிக்கவில்லை. சிஸ்டர் அலமாரியில் விரித்துவிட்டார். நானாவது டப்பாவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேனா? இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இழுப்பறையை அடித்துச் சாத்தினேன்.

டாக்டர் குருபாதம் தாளை வாங்கி அரை நிமிஷம் பார்த்தார். "எல்லா மருந்துலயும் இப்பிடித்தான் பயமுறுத்தி எழுதுவான். அங்க நான் எத்தனை கேஸ் பாத்திருக்கேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"அங்க தலைமாட்டுல நின்னு மயக்கம் குடுத்த அனஸ்தடிஸ்ட்டக் கேட்டீங்களா சார்?"

அவர் சிரித்தார். அவருடைய சிரிப்பை எனக்குப் பிடிக்காமல் போனது அன்றிலிருந்துதான்.

மதுரையில் என் பழைய ப்ரொபசருக்கு எழுதிக் கேட்டேன். நாலு பக்கத்துக்குப் பதில் வந்தது. எலும்புக் குழாய் ஒரு பக்கம் மூடிய குழாய். அதற்குள் சிமெண்ட்டை அடைத்துத் தண்டை இறக்கினால், உள்ளே இருக்கிற மஜ்ஜைக் கொழுப்பு, காற்று, ரத்தக்கட்டி எல்லாம் வேறு வழியில்லாமல் ரத்தக் குழாய்க்குள் புகுந்து நுரையீரலில் போய் அடைக்கும். சிமெண்ட் திரவமும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். எது பெரிய குற்றவாளி என்று அப்போது பெரியவர்களே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். செய்ய வேண்டியதில் மட்டும் சண்டை இல்லை. குழாயை உப்புத் தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். அடியில் மெல்லிய ரப்பர் குழாய் விட்டு, காற்று வெளியே வர வழி வைக்க வேண்டும். சிமெண்ட் மாவுப் பதம் வந்த பிறகே வைக்க வேண்டும். நோயாளியின் உடம்பில் நீரும் ரத்தமும் குறையாமல் நிரப்பி, அழுத்தம் நன்றாக இருக்கும்போதுதான் அதைத் தொடவே வேண்டும்.

கடிதத்தைத் தட்டச்சு செய்து தியேட்டர் சுவரில் ஒட்டினேன். டாக்டர் குருபாதம் அதன்மேல் ஆபரேஷன் லிஸ்ட்டை ஒட்டினார்.

3. செல்லக்கனி அம்மாள்

உடன்குடியிலிருந்து வந்தார். எழுபது தாண்டிய வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து, ஐந்து நாள் எண்ணெய்க் கட்டோடு வீட்டிலேயே கிடந்திருக்கிறார். நாக்கு காய்ந்து தோல் போல் இருந்தது. தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே நின்றது. எழுந்து போக முடியாதே என்று ஐந்து நாளும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாராம். நான் கையில் டிரிப் போட்டபோது, "உனக்கு எத்தனை பிள்ளைக, ஏளா?" என்று கேட்டார். கல்யாணம் ஆகவில்லை என்றேன். "ஆஸ்பத்திரிக்காரிக்கு நேரம் எங்கன இருக்கு" என்று அவரே எனக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மகன் லிங்கத்துரை கருப்பட்டி வியாபாரி. அம்மாவின் கட்டிலை விட்டு நகராதவர். ஆனால் அவசரக்காரர்.

"நாளைக்கு நாளு நல்லா இருக்கு டாக்டரம்மா. அடுத்தாப்ல அஞ்சு நாளைக்குச் சரியில்ல. நாளைக்கே முடிச்சிருங்க."

"அண்ணாச்சி, அம்மாவுக்கு உடம்புல தண்ணியே இல்ல. ரெண்டு நாள் டிரிப் ஏத்திட்டுச் செய்யலாம்."

"அவ வலியில கெடந்து துடிக்கா. என்னால பாக்க முடியல."

டாக்டர் குருபாதத்துக்கும் அவசரம். ஏசி மெக்கானிக் அன்றுதான் வந்து சரிசெய்திருந்தார். அது மறுபடி நின்றுபோவதற்குள் செய்துவிட வேண்டும் என்றார்.

"இன்னும் ரெண்டு நாள் பொறுக்கலாமே சார்" என்றேன்.

"ரெண்டு நாள்ல நிமோனியா வந்தா நீங்க பொறுப்பா?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. 'பொறுக்கலாமே' என்று சொன்னதைப் பற்றிப் பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். 'லாமே' என்றால் அதில் வேண்டுகோள் இருக்கிறது, மறுப்பு இல்லை. 'முடியாது' என்று சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். பத்தரைக்கு ஏசி நின்றது. சர்ஜன் எலும்புத் தலையை எடுத்துவிட்டு, குழாயைக் குடைந்துகொண்டிருந்தார். அழுத்தம் நூற்றுக்கும் கீழே தள்ளாடிக்கொண்டிருந்தது. நான் இரண்டாவது டிரிப்பைக் கையால் பிழிந்துகொண்டிருந்தேன். அவர் நெற்றியைத் துடைக்கச் சொல்லிவிட்டு, "சிஸ்டர், கலக்குங்க, சீக்கிரம்" என்றார்.

"சார், பி.பி. சரியில்ல, கொஞ்சம் இருங்க."

"கலக்கியாச்சே!"

நெடி ஏறியது. அவர் கூழாக இருந்ததை அள்ளித் திணித்து, தண்டை இறக்கித் தட்டினார். ரப்பர் குழாய் வைக்கவில்லை.

நாடி போய்விட்டது. முகம் சாம்பல் நிறமானது. ஊசிகள் போட்டேன். நெஞ்சை அழுத்தினேன். டாக்டர் குருபாதமும் கையுறையோடு வந்து அழுத்தினார். நாற்பது நிமிஷம். சிஸ்டர் பிலோமினா ஜெபம் சொல்லிக்கொண்டே மருந்து நிரப்பித் தந்தார். செல்லக்கனி அம்மாள் திரும்பவில்லை.

வெளியே போய், "வயசாயிட்டு, இதயம் தாங்கல" என்று டாக்டர் குருபாதம் சொன்னார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு லிங்கத்துரை ஆஸ்பத்திரிக்கு வந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா. அந்தச் சிமெண்டு பழசா? பழசாப் போனா கருப்பட்டியே கெட்டுப் போகுதே, அதான் கேக்கேன்."

அவரை உட்காரச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். சிமெண்ட் பழசில்லை. அது உள்ளே போகும்போது அழுத்தம் இறங்கும் என்று எங்களுக்குத் தெரியும். உடம்பு காய்ந்துபோனவர்களுக்கு அதைத் தாங்க முடியாது. இரண்டு நாள் பொறுத்திருக்க வேண்டும். நான் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை.

அவர் கத்துவார் என்று நினைத்தேன்.

"நாந்தானே நாளு பாத்தேன்" என்றார். "நீங்க பொறுக்கச் சொன்னியளே, நான் கேக்கலையே."

"உங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி. எங்களுக்குத் தெரியும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். என்னை மன்னித்தாரா என்று கேட்டால், அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

4. முடியாது

மறுநாள் டாக்டர் குருபாதத்தின் அறைக்குப் போனேன். "சிமெண்ட் கேஸ் எதுக்கும் இனிமே நான் மயக்கம் குடுக்க மாட்டேன் சார். குழாயக் கழுவணும், காத்து வெளிய வர ரப்பர் குழாய் வைக்கணும். எல்லாத்துக்கும் மேல, கலக்குறதுக்கு முன்னால என்னைக் கேக்கணும். நான் சரின்னு சொன்ன பொறவுதான் சிஸ்டர் ஆம்ப்யூல உடைக்கணும். சம்மதம்னா சொல்லுங்க."

"என் தியேட்டர்ல நான் உங்ககிட்ட பர்மிஷன் கேக்கணுமா?"

"ஆமா."

மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை. திருநெல்வேலியிலிருந்து ஒரு மயக்க மருந்து டாக்டரை வரவழைத்தார். வந்தவர் நேராக என்னிடம் வந்து, "நீங்க ஏன் மாட்டேன்னுட்டீங்க?" என்றார். சொன்னேன். சார்ட்டுகளைக் காட்டினேன். கேன்டீனில் மீன்குழம்புச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, "அப்ப நானும் மாட்டேன்" என்று அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அந்த மாதத்தில் நான் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

கடைசியில், "என்னவோ செய்ங்க" என்றார் டாக்டர் குருபாதம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

5. பக்கெட்டில் விழுந்த கட்டி

அடுத்து வந்தவர் சவேரி. சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தவர், அறுபது வயதுக்கு மேல் அதை விட்டுவிட்டுக் கரையில் வள்ளம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பலகையிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தது. அவருடைய மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவுகளுக்கு மயக்க மருந்தெல்லாம் வேண்டாம் டாக்டரம்மா. மூச்ச அடக்கிட்டு அசையாமப் படுத்துக்கிடுவாக. கடலுக்குள்ள எம்புட்டு நேரம் கெடப்பாக தெரியுமா?"

"எவ்வளவு நேரம் கிடப்பாங்க?"

"ரெண்டு நிமிசம்."

"ஆபரேஷன் ரெண்டு மணி நேரம்மா."

அவர் யோசித்துவிட்டு, "அப்பம் மருந்தே குடுங்க" என்றார்.

மூன்று நாள் டிரிப் ஏற்றினேன். ஒரு பாட்டில் ரத்தம் தயாராக வைத்தேன். ஆபரேஷன் நன்றாகப் போனது. டாக்டர் குருபாதம் முணுமுணுத்துக்கொண்டே குழாயைக் கழுவினார். ரப்பர் குழாயையும் வைத்தார். ரத்தம் எதிர்பார்த்ததைவிடக் கூடப் போயிருந்தது. பாட்டிலை அப்போதுதான் மாட்டினேன். நைட்ரஸ் மயக்க வாயுவை நிறுத்திவிட்டு முழு ஆக்ஸிஜன் கொடுக்கத் திரும்பினேன். மூக்கில் நெடி ஏறியது.

என்னைக் கேட்காமலே, பழக்கதோஷத்தில், சிஸ்டருக்குக் கையைக் காட்டியிருக்கிறார். சிஸ்டரும் பழக்கதோஷத்தில் கலக்கிவிட்டார். சுவரில் ஒட்டி, மூன்று வாரம் முறைத்துக்கொண்டு திரிந்து, ஒருவரைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்துத் திருப்பி அனுப்பி, அத்தனைக்கும் பிறகு!

அளந்தேன். எண்பத்தைந்து.

"வைக்கக் கூடாது சார்."

"கைல எடுத்துட்டேன்."

"எண்பத்தஞ்சுதான் இருக்கு. வைக்கக் கூடாது."

"இது கல்லாயிரும்! இன்னும் ஒரு பாக்கெட்தான் இருக்கு. அடுத்தது கப்பல்ல வந்து சேர எத்தனை மாசம் ஆகும்னு தெரியும்லா?"

"தெரியும். கீழ போடுங்க. நீங்க வச்சா நான் சார்ட்ல எழுதுவேன், நான் வேண்டாம்னு சொன்ன பொறவும் வச்சீங்கன்னு. வெளிய அந்த அம்மாகிட்டயும் சொல்லுவேன்."

அவர் சிமெண்ட் உருண்டையைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். முகமூடிக்கு மேலே கண் சிவந்திருந்தது. உருண்டை அவர் கையிலேயே சூடாகிக்கொண்டிருந்தது. இரண்டு கையுறையைத் தாண்டிச் சுட்டிருக்க வேண்டும். 'ச்சே' என்று பக்கெட்டில் எறிந்தார். எனாமல் பக்கெட் டங்கென்று அதிர்ந்தது.

பதினெட்டு நிமிஷம் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ரத்தத்தை ஏற்றினேன். நூறு வந்தது. நூற்றுப் பத்து. நூற்று இருபதில் நிலைத்தது. முழு ஆக்ஸிஜன் ஓடியது. ஊசியில் மருந்து நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"இப்பக் கலக்கலாம்" என்றேன்.

சிஸ்டர் பிலோமினா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "உடைக்கட்டுமா டாக்டரம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆம்ப்யூலை உடைத்தார்.

மாவுப் பதம் வரும்வரை டாக்டர் குருபாதம் காத்திருந்தார். "வைக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். ரப்பர் குழாய் வழியாக ரத்தமும் நுரையும் வெளியே வந்தன. அவ்வளவு செய்தும் அழுத்தம் எண்பத்தெட்டுக்கு இறங்கியது. ஒரு ஊசி போட்டேன். மூன்று நிமிஷத்தில் நூற்றுப் பத்துக்கு மேல் ஏறியது. முதலில் இருந்த எண்பத்தைந்திலிருந்து அதே அளவு இறங்கியிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் கணக்குப் போடத் தெரியும்.

பத்தாம் நாள் சவேரி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார்.

6. கட்லட்

டாக்டர் குருபாதம் எனக்கு நன்றி சொன்னார், மன்னிப்புக் கேட்டார் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை, கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு கேட்காமல் கலக்கச் சொன்னதில்லை. கேட்கிற தோரணை, ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் மாதிரி இருக்கும். "மேடம் உத்தரவு குடுத்தாச்சா?" என்பார். குடுத்தாச்சு என்பேன். அதற்குள் கோபப்பட எனக்கும் தெம்பு இல்லாமல் போயிருந்தது.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து மாவட்ட டாக்டர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. டாக்டர் குருபாதம் இடுப்பு ஆபரேஷன்களைப் பற்றிப் பேசினார். "சிமெண்ட் கலக்குறதுக்கு முன்னால அனஸ்தடிஸ்ட்டக் கேக்கணும். அவங்க சரின்னு சொல்லாம ஆம்ப்யூலத் தொடக்கூடாது. இது என் தியேட்டர்ல நான் கொண்டுவந்த ரூல்" என்றார். கைதட்டினார்கள். இளம் சர்ஜன்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

கூட்டத்தில் கொடுத்த கட்லட்டில் பாதி என் தட்டில் இருந்தது. எழுந்து ஒரு வார்த்தை சொல்லலாமா என்று தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. முன்வரிசையில் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு சர்ஜன், எழுதியதற்குக் கீழே இரண்டு கோடு இழுப்பது தெரிந்தது. அவர் அதை அங்கே போய்ச் செய்வார் என்று நினைத்தேன். கட்லட்டைச் சாப்பிட்டு முடித்தேன்.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டப்பாவில் இருக்கும் தாளைப் படியுங்கள். நோயாளி தயாராக இல்லையென்றால், 'முடியாது' என்று அந்த ஒரு சொல்லையே சொல்லுங்கள். அதைக் கேட்டு யாராவது பக்கெட்டில் எதையாவது எறிந்தால் எறியட்டும். பிறகு அந்த விதியை அவர்கள் தங்கள் பெயரில் சொல்லிக்கொண்டால் சொல்லிக்கொள்ளட்டும். எரிச்சலாக இருக்கும். எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.